காவல் சர்க்யூட் இருந்தும் எரிந்த கன்ட்ரோலர்: புழு மனையில் நான் பட்ட பாடு

பாலக்கோடு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வி1 மல்பெரி இருக்கிறது. பட்டுப்புழு வளர்ப்பு மனை தோட்டத்தின் கடைக்கோடியில், வீட்டை விட்டுத் தள்ளி நிற்கிறது. அதுவரை கரண்ட் லைன் இழுக்காமல் சோலார் பேனலும் 12 வோல்ட் பேட்டரியும் வைத்துச் சமாளிக்கிறோம். நான்கு டிசி ஃபேன், நுண்துளியாகத் தண்ணீர் தெளிக்கும் ஒரு சின்ன பம்பு, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்து இவற்றைத் தானாக ஓட்டும் ஒரு கன்ட்ரோலர் போர்டு, இவ்வளவுதான் ஏற்பாடு. அந்தக் கன்ட்ரோலர் இரண்டு முறை எரிந்தது. முதல் முறை அதற்கு எந்தக் காவலும் கிடையாது. இரண்டாம் முறை, இதற்கென்றே காசு கொடுத்துச் செய்து வாங்கிய காவல் சர்க்யூட் அதன் முன்னாலேயே இருந்தது. அப்படியும் எரிந்தது. அந்த இரண்டாவது எரிப்பு எனக்கு ஒரு பருவத்துப் புழுவின் பாதியைக் கொண்டுபோனது. இது ஏன் நடக்கிறது, வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும், மேஜை மேல் வைத்து எப்படிச் சோதிக்க வேண்டும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் ஓசூரில் ஷிப்டு வேலை. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், ஆனால் படித்து முடித்த பிறகு ஈயப்பற்று இரும்பை (சால்டரிங் அயர்ன்) தொட்டே பல வருஷம் ஆகியிருந்தது.

முதல் முறை எரிந்தது ஒரு பங்குனி மாத நடுப்பகலில். ஃபேன் எல்லாம் வழக்கத்தை விட வேகமாகச் சுற்றுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. போர்டைத் திறந்தால் உள்ளே வரும் பக்கத்தில் இருந்த கெபாசிட்டரின் தலை உப்பி, நடுவில் பிளந்து, பழுப்பாக எதையோ கக்கியிருந்தது. அதன் மேல் 16 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற ஒன்றுக்கு 16 வோல்ட் கெபாசிட்டர் போதும் என்று செய்தவர் நினைத்திருக்கலாம். பேட்டரியைப் போய்ப் பார்த்தேன். பிளஸ் டெர்மினலைச் சுற்றி வெளிர்பச்சையாக உப்புப் பூத்து, கிளாம்பு கையால் தொட்டாலே ஆடியது. பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கவனித்துக்கொள்ள சார்ஜ் கன்ட்ரோலர் என்று தனியாக ஒன்று உண்டு. மல்டிமீட்டரை எடுத்து அதன் லோடு முனையில், அதாவது ஃபேனுக்கும் கன்ட்ரோலருக்கும் கரண்ட் போகும் முனையில், வைத்துக்கொண்டு கிளாம்பை லேசாக அசைத்தேன். ஒட்டியிருக்கும்போது 13.6. விலகியதும் 20.8. மறுபடி ஒட்டினால் 13.6. என் நெஞ்சு திக்கென்றது. பேட்டரி இல்லாத நேரத்தில் பேனலின் முழு வோல்ட்டேஜும் ஃபேனுக்கும் கன்ட்ரோலருக்கும் நேராகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

சோலார் வைத்திருக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 12 வோல்ட் பேனல் என்று விற்கப்படுவதில் 36 செல் இருக்கும். லோடு எதுவும் இல்லாமல் வெயிலில் வைத்தால் அது 21, 22 வோல்ட் கொடுக்கும். அதை 14-க்குள் பிடித்து வைப்பது பெரும்பாலும் பேட்டரிதான். விலை குறைந்த பிடபிள்யூஎம் வகை சார்ஜ் கன்ட்ரோலர்கள் பலவற்றில் பேட்டரி கழன்றுவிட்டால் பேனலின் வோல்ட்டேஜ் அப்படியே லோடு பக்கம் ஏறிவிடுகிறது. கிளாம்பு தளர்ந்தாலும் இதேதான், பேட்டரி லைனில் உள்ள பியூஸ் போனாலும் இதேதான். பியூஸ் போனால் எல்லாம் அணைந்துவிடும், ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம். வெயில் நேரத்தில் அது உண்மை இல்லை. அதனால்தான் மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல் என்றும், கழற்றும்போது முதலில் பேனல், அப்புறம் பேட்டரி என்றும் சொல்வார்கள். டெர்மினலில் பூக்கும் உப்பைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, நன்றாகத் துடைத்து, கிளாம்பை முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவி விடுங்கள். எனக்கு அந்த முதல் எரிப்பில் புதிய கன்ட்ரோலருக்கு 6,500 ரூபாயும் இரண்டு ஃபேனுக்கு 1,700 ரூபாயும் போனது. புழு அப்போது இளம்பருவத்தில் இருந்ததால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, சன்னலைத் திறந்து வைத்துச் சமாளித்துவிட்டோம்.

அதற்கப்புறம்தான் காவல் சர்க்யூட் யோசனை வந்தது. டவுனில் போர்டு வேலை செய்து கொடுக்கிற ஒருவரிடம் கேட்டேன். "அக்கா, ஒரு மாஸ்ஃபெட், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ஜீனர் போதும். பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தாலும் காப்பாத்தும், வோல்ட்டேஜ் ஏறினாலும் வெட்டிடும்" என்றார். மாஸ்ஃபெட் என்பது அசையும் பாகம் இல்லாத ஒரு மின் சுவிட்ச். ஜீனர் ஒரு குறிப்பிட்ட வோல்ட்டேஜைத் தாண்டியதும் கடத்த ஆரம்பிக்கும் டயோடு. அது கடத்தினால் டிரான்சிஸ்டர் அந்தச் சுவிட்சை அணைக்க வேண்டும். 900 ரூபாய் வாங்கிக்கொண்டு கைக்கு அடக்கமான ஒரு போர்டு கொடுத்தார். கொஞ்ச நாளில் அதற்கு ஒரு சோதனையும் வந்தது. பழைய பேட்டரி மாற்ற வந்த பையன் அவசரத்தில் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டான். எதுவும் ஓடவில்லை, எதுவும் எரியவும் இல்லை. சரியாக மாற்றிக் கொடுத்ததும் எல்லாம் ஓடியது. அன்றைக்கு அந்தப் போர்டின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. பிளஸ் மைனஸ் மாறினால் காப்பாற்றுகிறது என்பது மட்டும்தான் அதில் நிரூபணமானது. வோல்ட்டேஜ் ஏறினால் வெட்டுகிறதா என்பதை அது காட்டவே இல்லை. ஒரு காவல் போர்டு மாட்டி, எல்லாம் நன்றாக ஓடினால், அது காக்கும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. ஒவ்வொரு கோளாறையும் தனித்தனியாக உண்டாக்கி, அதன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

இரண்டாம் முறை எரிந்தபோது புழு ஐந்தாம் பருவத்தில் இருந்தது. பட்டு வளர்க்கிறவர்களுக்கு அது என்ன நேரம் என்று தெரியும். புழு தன் வாழ்நாளில் தின்கிற இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்தக் கடைசிப் பருவத்தில்தான் தின்னும். மனையே இலையும் புழுவும் எச்சமுமாகப் புழுங்கும். 24, 25 டிகிரியில் வைத்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். நான் காலையில் இலை போட்டுவிட்டு தர்மபுரிக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். மதியம் தாண்டித் திரும்பி வந்து கதவைத் திறந்தால் அடித்த வெக்கையும் நாற்றமும் இன்னும் மறக்கவில்லை. தொங்கவிட்டிருந்த தெர்மாமீட்டரில் 36. புழு இலையைத் தொடாமல் தட்டின் ஓரத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. கன்ட்ரோலரில் வெளிச்சமே இல்லை. காவல் போர்டில் மாஸ்ஃபெட்டுக்குக் கீழே பலகை கறுத்துப்போயிருந்தது. பேட்டரி லைன் பியூஸின் பிடி சூட்டில் இளகி, தொடர்பு விட்டிருந்தது. அடுத்த நாளே புழு வாந்தி எடுத்துச் சுருங்க ஆரம்பித்தது, பிளாச்சரி நோய். என் மாமியார் செத்த புழுவைப் பொறுக்கிச் சுண்ணாம்பில் போட்டுக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. 150 முட்டைத் தொகுதிக்கு வழக்கமாக 110 கிலோவுக்கு மேல் கூடு எடுப்போம். அந்த முறை தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோனது 58 கிலோ, அதுவும் மெலிந்த கூடு. கூட்டில் மட்டும் 30,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம். அதோடு கன்ட்ரோலர் மறுபடி 6,500. இலையும் கூலியும் கணக்கில் சேர்க்கவில்லை.

போர்டு செய்து கொடுத்தவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தார், ஓடியது. ஒயரை மாற்றிப் பார்த்தார், நின்றது. "நல்லாத்தானே இருக்குது அக்கா, உங்க கன்ட்ரோலர்லதான் கோளாறு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வோல்ட்டேஜை ஏற்றிக் காட்டச் சொன்னேன். அதற்கு அவரிடம் வசதி இல்லை என்றார். திரும்பும் பஸ்ஸில் அழுகை வந்தது. கோபம் ஒரு பக்கம், தப்பு எங்கே என்றே தெரியாமல் அடுத்த பருவத்துக்கு முட்டை சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற பயம் ஒரு பக்கம். அன்று ராத்திரி முடிவு செய்தேன், இதை நானே பிரித்துப் பார்ப்பது என்று.

சோதிப்பதற்கு முதலில் ஏற்றி இறக்கக்கூடிய வோல்ட்டேஜ் வேண்டும். லேப் பவர் சப்ளை வாங்கக் காசு இல்லை. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் வீட்டில் கிடந்தது. அதோடு வோல்ட்டேஜைப் பிடித்து வைக்கும் எல்எம் 317 ஐசி ஒன்று, இரண்டு ரெசிஸ்டர், திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டரான 5 கே பாட் (5 கிலோ ஓம்) ஒன்று, சின்ன ஹீட் சிங்க். எல்லாம் சேர்த்து 100 ரூபாய்க்குள் முடிந்தது. இது 1.25 வோல்ட்டிலிருந்து கிட்டத்தட்ட 17 வரை கொடுக்கும், கரண்ட் அளவு மீறினால் தானே அடக்கிக்கொள்ளும், அதனால் எதையாவது கருக்கிவிடும் ஆபத்து குறைவு. லோடுக்குக் கன்ட்ரோலரை மாட்டக் கூடாது. பைக்கின் 12 வோல்ட் 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று போதும். 30 ரூபாய் பல்பு எரிந்தால் வருத்தம் இல்லை, வெளிச்சம் கூடுவதும் குறைவதும் கண்ணுக்கே தெரியும். நேராக பேட்டரியில் வைத்துச் சோதிக்கிறீர்கள் என்றால் பிளஸ் லைனில் வரிசையாக ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், போர்டு தப்பிக்கும். இன்னொன்று, மல்டிமீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை முதலில் மாற்றுங்கள். அது சோர்ந்துவிட்டால் விலை மலிவான மீட்டர்கள் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டும். என் மீட்டர் 12.6 பேட்டரியை 14.9 என்று காட்டி ஒரு சாயங்காலம் முழுவதும் என்னைத் தப்பான பக்கம் தேட வைத்தது.

போர்டை மேஜையில் வைத்து மைனஸில் கறுப்பு முனையை நிலையாகக் கவ்விவிட்டு, சிவப்பு முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் குறித்துக்கொண்டேன். 12.6 கொடுத்தபோது வெளியே 12.5, பல்பு எரிந்தது, மாஸ்ஃபெட்டின் கேட்டில் 0. மாஸ்ஃபெட்டுக்கு மூன்று கால், டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் நடுவே கரண்ட் ஓடும், கேட் அதைத் திறந்து மூடும். இது பி-சேனல் வகை, கேட் சோர்ஸை விட நன்றாகக் கீழே இருந்தால் ஓடும், சோர்ஸுக்குச் சமமாக வந்துவிட்டால் நின்றுவிடும். அதனால் இதுவரை சரி. ஒயரை மாற்றினேன், பல்பு அணைந்தது, வெளியே 0. அதுவும் சரி. அப்புறம் பாட்டைத் திருகி வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போனேன். 15.5 தாண்டியதும் கேட் மேலே ஏற ஆரம்பித்தது. அதாவது ஜீனர் கடத்துகிறது, டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு கேட்டைத் தூக்குகிறது. 17 வரை கொண்டுபோய் நிறுத்தினேன். கேட்டில் 16.3, சோர்ஸிலும் 16.3. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசமே இல்லை. கணக்குப்படி மாஸ்ஃபெட் முழுதாக அணைந்துவிட்டது. ஆனால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. உள்ளே 17, வெளியே 16.3. அந்த 0.7-ஐப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 0.7 என்பது ஒரு சிலிக்கான் டயோடு தின்கிற வோல்ட்டேஜ். போர்டில் அந்த வழியில் டயோடே கிடையாது. அப்புறம்தான் உறைத்தது, டயோடு மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு பவர் மாஸ்ஃபெட்டுக்குள்ளும் டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் நடுவே பாடி டயோடு என்று ஒன்று இயல்பாகவே அமைந்திருக்கும். பி-சேனலில் அது டிரெய்னிலிருந்து சோர்ஸை நோக்கிக் கடத்தும். பிளஸ் மைனஸ் மாறினால் காக்க வேண்டும் என்றால் மாஸ்ஃபெட்டின் டிரெய்ன் பேட்டரி பக்கமும் சோர்ஸ் லோடு பக்கமும் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒயர் மாறும்போது அந்த டயோடு தடுக்கும். வோல்ட்டேஜ் ஏறினால் வெட்ட வேண்டும் என்றால் இதற்கு நேர் எதிராக, சோர்ஸ் பேட்டரி பக்கமும் டிரெய்ன் லோடு பக்கமும் இருக்க வேண்டும். ஒரே மாஸ்ஃபெட்டை எப்படி வைத்தாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். என் போர்டில் இருந்தது முதல் விதம். வோல்ட்டேஜ் ஏறியபோது கதவைச் சரியாகப் பூட்டிவிட்டது, பக்கத்துச் சந்து திறந்தே கிடந்தது. 20 வோல்ட் அதன் வழியாகக் கன்ட்ரோலருக்குப் போனது மட்டுமல்ல, ஃபேனும் பம்பும் இழுத்த 5 ஆம்பியரும் அந்த டயோடு வழியாக ஓடி, 4 வாட் அளவுக்குச் சூடு உண்டாக்கி, பலகையைக் கறுக்க வைத்திருக்கிறது. ஒரு மாஸ்ஃபெட் மட்டும் போட்டு இரண்டு காவலும் உண்டு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். இரண்டு மாஸ்ஃபெட் இருக்கிறதா, அவை எதிரும் புதிருமாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நானே புதிதாகச் செய்தேன். முதல் மாஸ்ஃபெட் டிரெய்ன் பேட்டரியை நோக்கி, இரண்டாவது டிரெய்ன் லோடை நோக்கி, இரண்டின் சோர்ஸும் நடுவில் ஒன்றாக. பல வரைபடங்களில் இரண்டு கேட்டையும் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். அப்படிக் கட்டினால் வெட்டும் நேரத்தில் முதல் மாஸ்ஃபெட்டும் அணைந்து, நடுப்புள்ளியின் வோல்ட்டேஜ் இருந்ததை விட அரை வோல்ட் அளவு குறைந்துவிடுகிறது. அளப்பதும் அதே புள்ளியில்தான் என்பதால், வோல்ட்டேஜ் குறைந்துவிட்டதாக நினைத்து டிரான்சிஸ்டர் மறுபடி திறக்கப் பார்க்கும். அதனால் நான் கேட்டைப் பிரித்து, முதல் மாஸ்ஃபெட்டுக்குத் தனியாக ஒரு 100 கே மைனஸுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டாவதன் கேட் மட்டும் டிரான்சிஸ்டரின் கையில். இரண்டுக்கும் கேட்டிலிருந்து சோர்ஸுக்கு ஒரு 12 வோல்ட் ஜீனர் உண்டு. இந்த மாஸ்ஃபெட்களின் கேட் 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, பேனல் கொடுப்பதோ 21. ஜீனரை விட்டுவிட்டால் ஒரு நாள் கேட் ஓட்டை விழுந்துவிடும். அப்புறம் டிரான்சிஸ்டரையும் அளக்கும் ஜீனரையும் முதல் மாஸ்ஃபெட்டுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். டிரான்சிஸ்டருக்கும் பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால். முன்னால் வைத்தால் ஒயர் மாறும் நேரத்தில் அதன் பேஸ் எமிட்டர் சந்தி தலைகீழாக அடி வாங்கும். நான் போட நினைத்த பிசி 557 டிரான்சிஸ்டருக்கு அந்தத் திசையில் தாங்கும் அளவு 5 வோல்ட்தான்.

பழைய போர்டில் இருந்த மாஸ்ஃபெட் ஐஆர்எஃப் 9540. அதில் 9540N என்ற வகைக்கே, ஓடும்போது உள்ள எதிர்ப்பு 0.117 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 0.6 வோல்ட் போய்விடும், இரண்டு வைத்தால் 1.2. பேட்டரி இறங்கும் ராத்திரியில் ஃபேன் சோர்ந்துவிடும். ஐஆர்எஃப் 4905 என்றால் 0.02 ஓம், ஒன்றுக்கு 0.1 வோல்ட். அதனால் அதையே வாங்கினேன். இதில் போலியும் நிறைய வருகிறது, மேலே உள்ள எழுத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. மாஸ்ஃபெட்டை ஓட்டிவிட்டு லோடுக்கு காரின் ஹெட்லைட் பல்பை மாட்டுங்கள், அது 4.5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அப்போது டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 0.1 வோல்ட் பக்கம் இருந்தால் நல்லது. முதலில் வாங்கியவற்றில் 0.4-க்கு மேல் காட்டியது, தொட்டால் சுட்டது. அடுத்த முறை பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வேறு கடையில் வாங்கியது சரியாக இருந்தது. முதலில் வாங்கியதற்குக் கொடுத்த 240 ரூபாய் போனது போனதுதான்.

எல்லாம் ஈயப்பற்று வைத்து முடித்து, பாட்டைத் திருகினேன். பல்பு சட்டென்று அணைய வேண்டும். அணையவில்லை, மெல்ல மங்கிக்கொண்டே போனது. அந்த மங்கல் நேரத்தில் இரண்டாவது மாஸ்ஃபெட் கொதித்தது. பாதி திறந்து பாதி மூடி நிற்கிற மாஸ்ஃபெட் அப்படித்தான் கொதிக்கும், பெரிய லோடு என்றால் நொடியில் போய்விடும். மறுபடி 12.6-க்கு இறக்கி ஒவ்வொரு இடமாக அளந்தேன். இரண்டாவது மாஸ்ஃபெட்டின் கேட்டில் 0 இருக்க வேண்டிய இடத்தில் 4.2 வோல்ட். டிரான்சிஸ்டர் தூங்க வேண்டிய நேரத்தில் யார் அதைத் தூக்குகிறார்கள் என்று புரியவே இல்லை. ஜீனரை மாற்றினேன், ரெசிஸ்டரை மாற்றினேன், அதே 4.2. கடைசியில் பூதக்கண்ணாடி வைத்து டிரான்சிஸ்டரின் முகத்தைப் படித்தேன். நான் கேட்டது பிசி 557, பொட்டலத்தில் வந்தது எஸ் 8550. "அதுவும் பிஎன்பிதான், எல்லாத்துக்கும் போடலாம்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிஎன்பி வகை டிரான்சிஸ்டர்தான், ஆனால் கால் வரிசை வேறு. தட்டையான முகம் நம்மைப் பார்த்திருக்க, பிசி 557-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எஸ் 8550-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். நேர் எதிர்.

இது ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது என்றால், கலெக்டரும் எமிட்டரும் மாறி இருந்தாலும் டிரான்சிஸ்டர் முழுதாகச் சாவதில்லை. பெருக்கும் சக்தி மிகவும் குறைந்து, ஏதோ கொஞ்சம் வேலை செய்யும். எமிட்டர் கேட் பக்கம் போய்விட்டதால் பேஸ் எமிட்டர் சந்திக்குத் தலைகீழாக 12 வோல்ட் வருகிறது, அது 8 வோல்ட் பக்கம் உடைந்து கடத்த ஆரம்பிக்கிறது. 12.6-இல் 8 போனால் மிச்சம் அந்த 4 சொச்சம். கணக்கு பொருந்தியதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் உருப்படிதான், ஆனால் மாட்டுவதற்கு முன்னால் மீட்டரின் டிரான்சிஸ்டர் ஓட்டையில் செருகிப் பாருங்கள். சரியான வரிசையில் நூறு, இருநூறு என்று காட்டும், தலைகீழ் என்றால் ஒற்றை இலக்கமோ பத்து பதினைந்தோ காட்டும். கடையில் எதைக் கொடுத்தாலும் அதன் எண்ணைப் படித்து டேட்டாஷீட்டில் கால் வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் பற்ற வைக்க வேண்டும்.

பிசி 557 போட்டதும் பல்பு கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் அணைந்தது. ஆனால் வெட்டியது 15.1-இல். 15 வோல்ட் ஜீனர், டிரான்சிஸ்டருக்கு 0.6, ஆக 15.6 வர வேண்டும். 1என் 4744ஏ ஜீனருக்கு 15 என்று சொல்வது 17 மில்லி ஆம்பியர் ஓடும்போது. என் சர்க்யூட்டில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் 10 கே இருந்ததால், 0.06 மில்லி ஆம்பியரிலேயே டிரான்சிஸ்டர் விழித்துவிடுகிறது. அவ்வளவு சின்னக் கரண்டில் ஜீனர் 15-க்குக் கீழேயே நிற்கும். போதாததற்கு ஜீனரிலேயே 5 சதவீதம் கூடக்குறைய இருக்கும். சார்ஜ் கன்ட்ரோலர் பேட்டரியைச் சமன் செய்யும்போது 14.8 வரை ஏற்றும், 15.1 அதற்கு ரொம்பப் பக்கம். 10 கே-க்குப் பதிலாக 2.2 கே போட்டேன், 15.4-க்கு வந்தது, வெட்டும் கூர்மையும் கூடியது. அப்புறம் மதியத் தகரச் சூட்டில் வைத்து மறுபடி அளந்தேன், 0.2 கூடியிருந்தது. 15 வோல்ட் ஜீனர் சூட்டில் மேலே போகும், அது இயல்பு. காலையில் வீட்டுக்குள் அளந்ததோடு விடாமல், போர்டு மாட்டப்போகிற இடத்தில் வைத்தும் ஒரு தடவை அளக்க வேண்டும். கன்ட்ரோலரில் இருந்த 16 வோல்ட் கெபாசிட்டரையும் பிடுங்கிவிட்டு 35 வோல்ட் போட்டேன்.

இதையெல்லாம் சொன்னபோது சிலர், ஒரு டயோடு போதுமே, ஒரு எம்ஓவி போதுமே என்றார்கள். வரிசையில் ஒரு டயோடு போட்டால் ஒயர் மாறுவதற்கு மட்டும் காவல், அதற்கே 0.7 வோல்ட்டுக்கு மேல் எப்போதும் தின்னும். எம்ஓவி, டிவிஎஸ் போன்றவை மின்னல்வெட்டாக வந்து போகும் உதைப்புகளுக்கு. பேனல் மணிக்கணக்கில் 20 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டிருந்தால் அவை சூடாகி முதலில் அவைதான் போகும். பேட்டரி இறங்கினால் வெட்டும் வசதியையும் இதே போர்டில் சேர்க்கச் சொன்னார்கள். நான் சேர்க்கவில்லை. 11-இல் வெட்டினால் லோடு போனதும் பேட்டரி தானே 12-க்கு ஏறும், மறுபடி ஓடும், மறுபடி இறங்கும். வெட்டும் அளவும் திரும்பத் தரும் அளவும் வேறு வேறாக இருக்க வேண்டும். சார்ஜ் கன்ட்ரோலர் அதைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது, அதை அதனிடமே விட்டுவிட்டேன்.

பட்டுப்புழு மனைக்கு இன்னொரு விஷயம் உண்டு. காவல் போர்டு சரியாக வெட்டினால் கன்ட்ரோலர் தப்பிக்கும், ஆனால் ஃபேன் நின்றுவிடும். புழுவுக்கு எரிந்து நின்றாலும் வெட்டி நின்றாலும் ஒன்றுதான். அதனால் காவல் போர்டுக்கு முன்னால், சார்ஜ் கன்ட்ரோலரின் லோடு முனையிலேயே ஒரு பஸ்ஸரையும் 15 வோல்ட் ஜீனரையும் வரிசையாக மாட்டிவிட்டேன். 13, 14 இருக்கும்வரை அது பேசாது. பேட்டரி கழன்று 20-க்கு ஏறினால் மீதி 5 வோல்ட்டில் கத்த ஆரம்பிக்கும். 3 வோல்ட்டிலிருந்து ஓடுகிற பஸ்ஸராகப் பார்த்து வாங்க வேண்டும். வெயில் நேரத்தில் பேட்டரி பியூஸை வேண்டுமென்றே பிடுங்கிச் சோதித்தேன். ஃபேன் நின்றது, பஸ்ஸர் வீட்டு வாசல்வரை கேட்டது, கன்ட்ரோலருக்குப் போகும் முனையில் 0. மாமியார் வரப்பில் ஓடி வந்து, "என்னம்மா, மறுபடி போச்சா?" என்றார். போகவில்லை அத்தை, நான்தான் பிடுங்கினேன் என்றேன். பஸ்ஸர் கத்தினால் முதலில் பேனல் ஸ்விட்சை அணைத்துவிட்டு அப்புறம்தான் பேட்டரியைத் தொட வேண்டும், அதற்கு முன் மனையின் சன்னலைத் திறந்துவிட வேண்டும் என்று அவருக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறேன். சோதனைச் சாமான், வீணான மாஸ்ஃபெட், பெங்களூர் பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது. போர்டுக்குள் இருக்கும் உருப்படிகளின் விலை 300 ரூபாய்கூட வராது.